மூணு கம்பெனி சேர்ந்து ஒரே லாரி: மிச்சமாகுற வாடகைய எப்படிப் பிரிக்கிறது?

சத்திரப்பட்டி தறி

வணக்கம். நமக்கு ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி, காஸ் துணி போடுறோம். சரக்கு முக்காவாசி சென்னைக்குத்தான், பார்க் டவுன்ல நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைங்களுக்கு. சிவகாசில நோட்டு போடுற அண்ணாச்சி ஒருத்தர், விருதுநகர்ல பருப்பு மில் வச்சிருக்கவர் ஒருத்தர், அவங்களுக்கும் வாராவாரம் சென்னை லோடு இருக்கு. எதுக்கு தனித்தனியா மூணு வண்டி, ஒரே பத்து வீல் வண்டியா பிடிச்சுருவோம்னு பேசி கொஞ்ச நாளா அப்படித்தான் அனுப்பிட்டு இருக்கோம். வண்டி ஒழுங்கா போய் சேருது, காசு பிரிக்கிற எடத்துலதான் மூஞ்சி கோணுது.

கணக்கு இதுதான். தனியா அனுப்புனா நமக்கு 19 அடி வண்டி 20,000 ரூவா, நோட்டுக்கு 24,000, பருப்புக்கு 16,000, மொத்தம் 60,000. சேர்ந்து போனா 42,000 (நம்ம துணி பேல (கட்டு) எல்லாம் 14 அடி ஈச்சர்ல சிவகாசி கொண்டு போய் சேக்குற வாடகையும் இதுக்குள்ள வந்துருது). ஆக 18,000 மிச்சம். ஆரம்பத்துல பேசும்போது எடைய வச்சு மிச்சத்த பிரிச்சுக்கலாம்னு முடிவாச்சு, நானும் சரின்னுட்டேன். நோட்டு 9 டன், பருப்பு 6 டன், நம்ம சரக்கு பாத்தா மலை மாதிரி தெரியும் ஆனா 3 டன்தான். டன்னுக்கு ஆயிரம்னு அவருக்கு 9,000, பருப்புக்கு 6,000, எனக்கு 3,000. கடைசில என்ன ஆகுதுன்னா 9 டன் ஏத்துறவர் 15,000 குடுக்கிறார், 3 டன் ஏத்துற நான் 17,000 குடுக்கிறேன்!

இத கேட்டா நோட்டு அண்ணாச்சி, "உம்ம சரக்குதான் பாதி வண்டிய அடைக்குது, எடத்த வச்சு வாடகைய பிரிப்போமா"ன்றார். அப்படி பாத்தா எனக்கு 21,000 வருது, தனியா போறதே மேலுன்னு ஆயிரும். பெரிய கம்பெனிங்க எல்லாம் இந்த மாதிரி சேர்ந்து அனுப்புறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அவங்க எந்த முறைல பிரிக்கிறாங்க? சண்டை போடாம எடுத்து சொல்ற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

ரதவீதி ராசா

மூணு பேர் சேர்ந்து செய்றீங்க, மூணா பிரிங்க. ஆளுக்கு 6,000. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு மண்டை உடைப்பு.

சரக்கு சரவணன்

மேல சொன்ன 6,000 கணக்கு கேக்க நல்லாருக்கும், ஆனா நிக்குமான்றது வேற கேள்வி, அதுக்கு வரேன். முதல்ல அண்ணாச்சி நீங்க குடுத்த கணக்குல முக்கியமான ஒண்ணு இல்ல. ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்தா என்ன வாடகை ஆகும்? நீங்களும் நோட்டும் மட்டும், நோட்டும் பருப்பும் மட்டும், நீங்களும் பருப்பும் மட்டும். இந்த மூணு ரேட்டும் ஒரே லாரி ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் போடுங்க. இது தெரியாம யார் எவ்வளவு மிச்சம் கொண்டு வர்றாங்கன்னு சொல்லவே முடியாது.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். எடைய வச்சுன்னு சொல்றீங்க, எடைய வச்சு எத பிரிக்கிறீங்க? நீங்க மிச்சத்த எடைல பிரிச்சிருக்கீங்க, உங்களுக்கு 3,000. அதே எடைல வாடகை 42,000ஐ பிரிச்சுப் பாருங்க, டன்னுக்கு 2,333, நீங்க கட்ட வேண்டியது வெறும் 7,000, மிச்சம் 13,000. ஆளும் அதே, எடையும் அதே, வண்டியும் அதே, பத்தாயிரம் இங்கிட்டும் அங்கிட்டும் போகுது. அதனால எடை, எடம், சரக்கு மதிப்புன்னு எத வச்சுப் பேசினாலும் யாருக்கு எது சாதகமோ அததான் நியாயம்னு ஒவ்வொருத்தரும் சொல்லிட்டு இருப்பாங்க, அது முடியவே முடியாது.

சத்திரப்பட்டி தறி

இன்னைக்கு ஆபீஸ்ல கேட்டுட்டேன் தம்பி. நாங்களும் நோட்டும் மட்டும்னா 29,000. நோட்டும் பருப்பும்னா 37,000, ரெண்டுமே கனம், அதனால எப்படியும் பெரிய வண்டி வேணுமாம். நாங்களும் பருப்பும்னா 27,000. மூணு பேரும்னா அதே 42,000தான்.

சரக்கு சரவணன்

அருமை, இப்ப பேசலாம். இத மிச்சமா மாத்துங்க. நீங்களும் நோட்டும் சேர்ந்தா 15,000 மிச்சம், நீங்களும் பருப்பும் சேர்ந்தா 9,000, நோட்டும் பருப்பும் மட்டும் சேர்ந்தா வெறும் 3,000. மூணு பேரும் சேர்ந்தா 18,000. இதுலயே கதை தெரிஞ்சுருது பாருங்க, நீங்க இல்லன்னா 18,000 மூவாயிரமா சுருங்கிரும். கனமான சரக்கு ரெண்டு சேர்ந்தா எடை முடிஞ்சுரும், ஆனா மேல எடம் காலியா கிடக்கும், அந்தக் காலி எடத்துல உக்கார்றது உங்க பேல்தான். அத கொண்டு வர்ற ஆளுக்குத்தான் இப்ப இருக்குறதுலயே கம்மி பங்கு போயிட்டு இருக்கு.

இதுக்குன்னே 1953ல லாயிட் ஷேப்லின்னு ஒருத்தர் ஒரு முறை போட்டு வச்சாரு, பின்னாடி 2012ல பொருளாதார நோபல் வாங்குனவர். ஃபார்முலா பாத்து பயப்பட வேண்டாம், விஷயம் இவ்வளவுதான்: கூட்டணில ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்கன்னு வச்சுக்கோங்க, ஒருத்தர் வந்து சேரும்போது மிச்சம் எவ்வளவு கூடுதோ அது அவர் கொண்டு வந்தது. யார் முதல்ல வர்றாங்கன்றதப் பொறுத்து அது மாறும், அதனால எல்லா வரிசையும் போட்டுப் பாத்து சராசரி எடுத்துர்றது. மூணு பேருக்கு ஆறு வரிசை. நீங்க முதல் ஆளா வர்றது ரெண்டு வரிசைல, அப்ப கூடுனது 0. நோட்டுக்கு அடுத்து வந்தா 15,000, பருப்புக்கு அடுத்து வந்தா 9,000, கடைசியா வர்ற ரெண்டு வரிசைலயும் 18,000ல 3,000 போக 15,000. கூட்டுனா 54,000, ஆறால வகுத்தா 9,000. இதே மாதிரி நோட்டுக்குப் போட்டா 6,000, பருப்புக்கு 3,000. மூணும் கூட்டுனா சரியா 18,000 வருதா பாத்துக்கோங்க.

இப்ப ராசா அண்ணன் சொன்ன சமமா ஆளுக்கு 6,000க்கு வர்றேன். நீங்களும் நோட்டும் சேர்ந்து அதுல வாங்குறது 12,000. ஆனா பருப்ப விட்டுட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் போனாலே 15,000 மிச்சம் கையில இருக்கு. அப்ப எதுக்கு மூணாவது ஆளுன்னு ஒரு நாள் தோணும்ல? இப்ப நடக்குற எடைக் கணக்குலயும் உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அதே 12,000தான் வருது. தனி வாடகை விகிதத்துல பிரிச்சாலும் (நோட்டுக்கு 7,200, உங்களுக்கு 6,000, பருப்புக்கு 4,800) 13,200தான். எல்லாமே ஓட்டை. பிரிஞ்சு போனா இதவிட லாபம்னு எந்த ரெண்டு பேரும் நினைக்க முடியாதபடி பிரிக்கிறதுக்கு கேம் தியரில (கூட்டு, போட்டியெல்லாம் கணக்கா போட்டுப் பாக்குற படிப்பு) கோர்னு பேரு, ஷேப்லி கணக்கு உங்க கேஸ்ல அதுக்குள்ளதான் உக்காருது. எல்லா கேஸ்லயும் உக்காரும்னு கிடையாது, அத செக் பண்ணிக்கணும். அப்புறம் கோருக்குள்ள இருந்தாலே நியாயம்னும் ஆகிடாது, நான் முதல்ல சொன்னேன்ல வாடகைய எடைல பிரிச்சா உங்களுக்கு 13,000னு, அதுவும் கோருக்குள்ளதான் வருது, ஆனா அத கொண்டு போய் நோட்டு அண்ணாச்சிகிட்ட நீட்டுனா அன்னைக்கோட கூட்டு முடிஞ்சுது.

பெரிய கம்பெனிங்கள பத்தி கேட்டீங்க. ஐரோப்பாவுல 2011லேர்ந்து 2014 வரைக்கும் சிஓ3ன்னு ஒரு திட்டம் ஐரோப்பிய யூனியன் காசுல நடந்துச்சு, கம்பெனிங்கள சேர்ந்து சரக்கு அனுப்ப வைக்கிறதுதான் வேலையே, அதுல மிச்சத்த பிரிக்க ஷேப்லி முறையத்தான் சிபாரிசு பண்ணாங்க. பெல்ஜியம் பக்கம் நெஸ்லேவும் பெப்சிகோவும் கூல் செயின் (குளிர்ல வச்சு அனுப்புற) சரக்க சேர்த்து அனுப்பிப் பாத்ததும் அந்தத் திட்டத்துலதான். அங்க ஒரு நல்ல பழக்கம், டிரஸ்டின்னு வெளி ஆள் ஒருத்தர வச்சுருவாங்க, ரேட்டு கணக்கு எல்லாம் அவர்கிட்ட மட்டும் இருக்கும், பங்கு எவ்வளவுன்றத மட்டும் ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவாரு.

பருப்பு மண்டி

நானும் விருதுநகர்தான், பருப்பு வியாபாரம்தான், அந்த மில்காரர் நான் இல்ல. ஆனா அவர் இடத்துல இருந்து பேசுறேன், ஏன்னா இங்க யாரும் பேசல. 6,000 வாங்கிட்டு இருந்தவர்கிட்ட போய் நோபல் பரிசு வாங்குன முறைப்படி உமக்கு இனிமே 3,000தான்னு சொன்னா அவர் என்ன சொல்லுவாரு? போய்யான்னு போய்க்கிட்டே இருப்பாரு.

ரெண்டாவது, இந்தக் கணக்கு முழுக்க நிக்கிறது அந்த ஏழு ரேட்டு மேல. தனியா போனா எவ்வளவு, ரெண்டு பேரா போனா எவ்வளவுன்னு. தனியா போனா 24,000னு நோட்டுக்காரர் சொல்றார், அவருக்குத் தெரிஞ்ச லாரி ஆபீஸ்ல 21,000க்கு வண்டி கிடைக்குமா இருக்கும், யாருக்குத் தெரியும்? தனி ரேட்ட ஏத்திச் சொல்ற ஆளுக்கு பங்கும் ஏறும். எடைன்னா வேபிரிட்ஜ் சீட்டு இருக்கு, யாரும் புளுக முடியாது. நம்ம ஊர்ல ஆளுங்க ஏன் எடைய பிடிச்சுத் தொங்குறாங்கன்னு நினைக்கிறீங்க, கண்ணால பாக்கலாம், அதான்.

மூணாவது, நோட்டு லோடு வருஷம் பூரா இதே மாதிரி இருக்குமா? பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முன்ன நாலு மாசம் அடிதடியா போகும், ஜூலைக்கு அப்புறம் சொங்கிப் போயிரும். அப்ப இவரும் பருப்பும் மட்டும்தான் வண்டில இருப்பாங்க, மிச்சம் 9,000, அதுல பருப்பு பாதி கேப்பாரா மாட்டாரா? சீசன்ல ஒரு ஆளத் தட்டி வச்சா ஆஃப் சீசன்ல அவர் வர மாட்டாரு. பருப்பு வருஷம் முச்சூடும் போற சரக்கு, அதையும் கணக்குல எடுக்கணும்.

சரக்கு சரவணன்

மண்டி அண்ணாச்சி சொன்ன மூணுல ரெண்டு ரொம்ப சரி. ரேட்டு விஷயத்துக்கு வழி இருக்கு, அவங்கவங்க சொல்ற தனி ரேட்ட எடுக்கவே கூடாது. சம்பந்தமில்லாத ஒரு லாரி ஆபீஸ்ல ஏழு ரேட்டும் ஒரே நாள்ல எழுதி வாங்குறது, மூணு பேரும் அத ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுர்றது. டீசல் ஏறுனா இறங்குனா ஏழும் ஒரே மாதிரிதான் நகரும், விகிதம் பெருசா மாறாது. சீசன் விஷயமும் உண்மை, ரெண்டு பேர் மட்டும் போற வாரம் 9,000ல ஆளுக்கு 4,500, ஷேப்லி முறையும் அதத்தான் சொல்லும். சீசனுக்கு ஒரு டேபிள், ஆஃப் சீசனுக்கு ஒரு டேபிள்னு வச்சுக்கலாம்.

ஆனா 3,000 கம்மின்றதுல நான் ஒத்துக்க மாட்டேன். பருப்பு வண்டில ஏறுறதால கூடுற மிச்சமே 3,000தான் (15,000 இருந்தது 18,000 ஆகுது). அதுக்கு மேல ஒரு ரூவா குடுத்தாலும் அது மத்த ரெண்டு பேர் பாக்கெட்லேர்ந்து போறது. பிரியத்துக்குக் குடுக்கலாம், பேச்சுக்கு நிக்காது. 16,000 குடுத்துட்டு இருந்தவர் 13,000 குடுக்கிறார், கிட்டத்தட்ட 19 சதவீதம் மிச்சம், லாரி வாடகைல அது சின்ன விஷயமா சொல்லுங்க.

உங்க மாதிரி கவலைக்கு ஸ்வீடன்ல ஒரு வழி பிடிச்சாங்க. தெற்கு ஸ்வீடன்ல எட்டு மரக் கம்பெனிங்க, காட்டுலேர்ந்து மில்லுக்கு கட்டை ஏத்துற லாரிங்க குறுக்கும் நெடுக்கும் காலியா ஓடிட்டு இருந்துச்சு, உன் மில்லுக்குப் பக்கத்துல இருக்குற என் மரத்த நீ எடுத்துக்கோ, என் மில்லுக்குப் பக்கத்துல இருக்குற உன் மரத்த எனக்குக் குடுன்னு மாத்திக்கிட்டா எவ்வளவு மிச்சம்னு பாத்தாங்க. அந்த ஆராய்ச்சி 2010ல வந்துச்சு, இந்த மாதிரி கூட்டுல பெரும்பாலும் 5லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் மிச்சமாகும்னு சொல்றாங்க. ஷேப்லி உள்பட பல முறைய போட்டுப் பாத்துட்டு, "அவனுக்கு இத்தனை சதவீதம் குறையுது எனக்கு ஏன் இவ்வளவுதான்"ன்ற கேள்விக்குத்தான் கம்பெனிங்களுக்கு பதில் வேணும்னு, எல்லாரோட மிச்ச சதவீதத்தையும் எவ்வளவு கிட்ட கொண்டு வர முடியுமோ அவ்வளவு கிட்ட கொண்டு வர்ற மாதிரி ஒரு முறை போட்டாங்க, ஆனா யாரும் பிரிஞ்சு போக முடியாதபடி அந்த கோர் எல்லைக்குள்ளயே. தறி அண்ணாச்சி, அத உங்க கணக்குல போட்டா பருப்புக்கு அப்பவும் அதே 3,000தான், அதுக்கு மேல எல்லை விடாது. மீதி 15,000ஐ நீங்களும் நோட்டும் வாடகை விகிதத்துல பிரிச்சா நோட்டுக்கு 8,180 கிட்ட, உங்களுக்கு 6,820 கிட்ட. ரெண்டு பேருக்குமே 34 சதவீதம். நோட்டு அண்ணாச்சி 9,000லேர்ந்து 6,000க்கு இறங்க மாட்டேன்னா இத வச்சுப் பேசுங்க, அவருக்கு எண்ணூறு சொச்சம்தான் குறையும், உங்களுக்கு ரெண்டு பங்குக்கு மேல கிடைக்கும்.

ஆடிட்டர் ஆபீஸ் தூக்குச்சட்டி

எப்படியும் பிரிங்க, பேப்பர ஒழுங்கா வைங்க. ஒருத்தர் 42,000 முழுசா கட்டிட்டு மத்த ரெண்டு பேருக்கு பில் போட்டு வாங்காதீங்க, அது என்ன சர்வீஸ், ஜிஎஸ்டி உண்டா இல்லையான்னு பின்னாடி ஆபீசர் கேப்பாரு. பங்கு முடிவானதும் டிரான்ஸ்போர்ட்காரர்கிட்டயே மூணு எல்ஆர் (லாரி ரசீது), மூணு பில்லா அந்தந்த தொகைக்கு வாங்கிருங்க. இ-வே பில்லும் (சரக்கோட போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) அவங்கவங்க சரக்குக்கு தனித்தனி, டிரான்ஸ்போர்ட்காரர் எல்லாத்தையும் சேர்த்து வண்டிக்கு ஒரு கன்சாலிடேட்டட் போட்டுப்பாரு. தமிழ்நாட்டுக்குள்ளன்றதால சரக்கு மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல இருந்தாத்தான் வேணும், வெளி மாநிலம்னா 50,000. பில்லு செல்லுறது நாளுக்கு 200 கிலோமீட்டர் கணக்கு, சென்னைக்கு மூணு நாள் வரும், ஒரு எடத்துல லேட் ஆனா மத்தவங்க பில்லும் சேர்ந்து காலாவதி ஆகும், பாத்துக்கோங்க. இன்ஷூரன்ஸும் தனித்தனியா போட்டுக்கோங்க, மழை பேஞ்சு தார்ப்பாய் கிழிஞ்சா பேண்டேஜ் காலி, பருப்பு பாதி காலி, அப்ப 18,000ஐ பத்தி யாரும் பேச மாட்டீங்க.

பத்து வீல்

எல்லாரும் பங்கு போட்டுட்டீங்க, வண்டிக்காரன யாரும் கேக்கலையே! மூணு வண்டிக்கு குடுத்த 60,000 இப்ப ஒரு வண்டிக்கு 42,000, சரி, ரெண்டு எடத்துல ஏத்தி மூணு எடத்துல இறக்கணும், ஒவ்வொரு பாயிண்டுக்கும் லோடுமேன் கூலி வேற, காத்திருப்பு வேற. நானும் இந்த மாதிரி கூட்டு லோடு ஓட்டியிருக்கேன், கூட்டு உடையுறதே பங்கு கணக்குல இல்ல, ஹால்ட்டிங்லதான் (வண்டிய காக்க வச்சா குடுக்க வேண்டிய காசு). கோயம்பேட்ல பருப்ப இறக்கிட்டு பார்க் டவுன் போறதுக்குள்ள விடிஞ்சிருச்சுன்னா பகல்ல பெரிய வண்டிய உள்ள விட மாட்டான், அன்னைக்கு முழுக்க வெளியில நிக்கணும். அந்த ஹால்ட்டிங் காச யார் குடுக்கிறது? மூணா பிரிப்போம்னா லேட் பண்ணவனுக்கு என்ன வலி? முதல்லயே பேசிருங்க, யார் பாயிண்ட்ல குறிச்ச நேரத்துக்கு மேல வண்டி நிக்குதோ ஹால்ட்டிங் அவங்க தலைல. ஏத்துற எடத்துலயும் அதே சட்டம், இறக்குற எடத்துலயும் அதே சட்டம். இந்த ஒண்ணு இல்லாம நீங்க என்ன ஃபார்முலா போட்டாலும் மூணாவது மாசம் ஃபோன எடுக்க மாட்டீங்க ஒருத்தர ஒருத்தர்.

நீங்க லோடு எப்படி ஏத்துறீங்கன்னு தெரியல, தெரிஞ்சவரைக்கும் சொல்றேன். நோட்டு கட்டு முன்னாடி அடியில, அது மேல துணி பேல், ரெண்டையும் சிவகாசிலயே முடிச்சுருங்க. விருதுநகர்ல பருப்பு மூட்டை பின்னாடி. சென்னைல கோயம்பேடு முதல்ல வரும், பின்னாடி இருக்குற பருப்பு இறங்கிரும். அடுத்து பார்க் டவுன்ல மேல இருக்குற பேலு, கடைசியா பாரிமுனைல நோட்டு. மாத்தி ஏத்துனீங்கன்னா ஒரு சரக்க இறக்கி வச்சு இன்னொன்ன எடுத்து மறுபடி ஏத்தணும், ரெண்டு கூலி. அப்புறம் 18 டன்னுக்கு மேல ஆசைப்படாதீங்க. 2018ல அரசாங்கம் ஆக்சில் வெயிட் (ஒரு அச்சுக்கு இவ்வளவு எடைன்ற) வரம்ப ஏத்துனதுக்கு அப்புறம்தான் பத்து வீலுக்கு மொத்தம் 28.5 டன், அதுக்கு முன்ன 25தான், வண்டி வெயிட்டு போக உங்க லோடு இப்பத்தான் மட்டா நிக்குது. ஒரு டன் கூட ஏத்தி ஃபைன் வந்தா அதுக்கும் பங்கு போட ஒரு மீட்டிங் போடணும்.

சத்திரப்பட்டி தறி

எல்லாருக்கும் நன்றி. பத்து வீல் அண்ணன் சொன்ன மாதிரிதான் ஏத்திட்டு இருக்கோம், ஹால்ட்டிங் மட்டும் இதுவரைக்கும் மூணா பிரிச்சிட்டு இருந்தோம், அத மாத்தணும், பாரிமுனைல நோட்டு இறக்கத்தான் எப்பவும் லேட். நேத்து சிவகாசி அண்ணாச்சிகிட்ட ரெண்டு கணக்கையும் பேப்பர்ல எழுதிக் காமிச்சேன். 6,000ன்னதும் சிரிச்சுட்டே பேப்பர தள்ளி வச்சுட்டாரு, 8,180 கணக்க ரெண்டு தடவ வாசிச்சாரு, ஹால்ட்டிங் சட்டத்த பாத்ததும் கொஞ்சம் முகம் மாறுச்சு. யோசிச்சு சொல்றேன்னாரு. அது நடந்தா நான் 13,180 குடுப்பேன், இப்ப குடுக்குற 17,000க்கு அது போதும், 9,000தான் வேணும்னு நிக்கல. மில்காரர்கிட்ட தனியா பேசாம மூணு பேரும் உக்காந்து பேசலாம்னு இருக்கேன், ஆஃப் சீசன்ல பாதிப் பாதின்றத முதல்ல சொல்லிட்டு அப்புறம் 3,000ஐ எடுக்கலாம்னு நினைக்கிறேன். மண்டி அண்ணாச்சி, அப்படி சொன்னா உங்க ஆளு ஒத்துப்பாரா?

பருப்பு மண்டி

3,000னு சொல்லாதீங்க, 3,500ன்னு ஆரம்பிங்க. ஐந்நூறு ரூவாய்க்கு உங்க ரெண்டு பேர் கூட்டு ஒண்ணும் குறைஞ்சுறாது, அவருக்கு வீட்ல சொல்லிக்க ஒரு நம்பர் வேணும்ல. ஆஃப் சீசன் பாதிய மட்டும் எழுத்துல குடுங்க, வாய்ல சொன்னா நாங்க நம்ப மாட்டோம்.

சரக்கு சரவணன்

அந்த 500ஐ நீங்களும் நோட்டும் ஆளுக்கு 250 போட்டுக்கோங்க, கோர் லேசா உடையுது, ஆனா 500க்காக ஆள் தேடி வேற வண்டி பிடிக்கிற செலவு அத விட ஜாஸ்தி. மீட்டிங்குக்கு ஏழு ரேட் எழுதுன பேப்பர லாரி ஆபீஸ் சீலோட கொண்டு போங்க.